ஏழாவது வீடு

விடியற்காலை ஐந்தரை மணி. பெங்களூர் கோரமங்களாவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் காரில் சாமான்கள் ஏறிக்கொண்டிருந்தன. இரண்டு சூட்கேஸ், ஒரு குக்கர், பிளாஸ்க், பழைய புடவையில் கட்டிய புத்தக மூட்டை. கடைசியாகப் பத்து வயதுப் பேத்தி இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டு வந்தது ஒரு பிளாஸ்டிக் கூண்டு. அதற்குள் ஒன்பது வாரப் பூனைக்குட்டி, தன் உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய குரலில் கத்திக்கொண்டிருந்தது.

நடைப்பயிற்சிக்குக் கிளம்பிய எதிர்வீட்டுக்காரர் நின்று பார்த்தார். "பூனை குறுக்கே போனாலே ஜனங்க திரும்பி வந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் கிளம்புவாங்க. நீங்க வண்டியிலேயே ஏத்திட்டுப் போறீங்களே, மாமி!"

முன் இருக்கையில் ஏறிக்கொண்டிருந்த 72 வயதுப் பாட்டி சிரித்தார். "குறுக்கே போனாத்தானே சகுனம்? இது கூடவே வரது."

போகவேண்டியது ஸ்ரீரங்கம். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், நாமக்கல், முசிறி வழியாக ஏறக்குறைய 350 கி.மீ. நடுவில் நிற்பதையும் சேர்த்தால் எட்டு மணி நேரம். பெரியவர்களுக்கே இடுப்பு நோகும் தூரம். பிறந்து இரண்டு மாதம் ஆன உயிருக்கு அது எப்படியிருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

குட்டி வந்து சேர்ந்தது டிசம்பர் முதல் வாரத்தில். பெங்களூர்க் குளிரில் கதகதப்பு தேடும் பூனைகள், நிறுத்தி வைத்த கார்களின் என்ஜின் பக்கம் ஏறிக்கொள்வது வழக்கம். காலையில் வண்டியைக் கிளப்புமுன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுவது நல்லது என்பார்கள். அன்று அப்படித் தட்டியபோதுதான் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. காவலாளி கையை விட்டு எடுத்தார். சாம்பல் நிறம், வெள்ளைக் கழுத்து, நீலக் கண். உடனே மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்த பேத்தியைப் பாட்டி தடுத்துவிட்டார். தாய்ப்பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகத்தான் இடம் மாற்றும். இதை எடுக்கத் திரும்பி வரக்கூடும். அட்டைப்பெட்டியில் துணி விரித்து அதே இடத்தில் வைத்துவிட்டு, மாலை வரை தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாய் வரவில்லை.

பல்லைப் பார்த்து, நாலு வாரம் இருக்கும் என்றார் கால்நடை மருத்துவர். பசும்பால் கூடாது என்பது அவருடைய முதல் கட்டளை. பூனைக்குப் பால் என்பது நம் கதைகளிலும் பழமொழிகளிலும் ஊறிப்போன விஷயம். ஆனால் பசும்பாலில் உள்ள லாக்டோஸ் பல குட்டிகளுக்குச் செரிப்பதில்லை. வயிற்றுப்போக்கு வந்தால் அந்தச் சின்ன உடம்பு ஒரே நாளில் வற்றிவிடும். குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடர், பிறகு ஊறவைத்த உணவு என்று நாட்கள் போயின. பேத்தி அதற்கு மஞ்சு என்று பெயர் வைத்தாள். கன்னடத்தில் மஞ்சு என்றால் பனிமூட்டம். ஓய்வுபெற்ற தமிழாசிரியையான பாட்டிக்கும் ஆட்சேபம் இல்லை. பழந்தமிழில் மஞ்சு என்றால் மேகம்; நிறத்துக்குப் பொருத்தந்தான்.

பாட்டி ஊருக்குத் திரும்புவது குட்டி வருவதற்கு முன்பே முடிவான விஷயம். முடிவு அவருடையது, மகனுடையது அல்ல. கணவர் காலமான மறு மாதமே மகன் அவரைப் பெங்களூருக்கு அழைத்து வந்துவிட்டார். பதினான்கு மாதங்கள் ஆறாவது மாடி. குறை சொல்ல ஒன்றுமில்லை. மருமகள் அன்பாகத்தான் இருந்தார், பேத்தி காலைச் சுற்றியே இருந்தாள். ஆனாலும் தை பிறப்பதற்குள் ஸ்ரீரங்கம் போய்விட வேண்டும் என்று கார்த்திகையிலேயே சொல்லிவிட்டார். தனியாக எப்படி என்று மகன் கேட்டார். ராத்திரியில் விழுந்து வைத்தால்? முடியாமல் போனால்? இரண்டு மாதம் நடந்த வாக்குவாதத்தின் முடிவில், குட்டியைத் தன்னோடு அனுப்பிவிடச் சொன்னார் பாட்டி. மருமகளுக்குப் பூனை ரோமத்தால் தும்மல் வந்துகொண்டிருந்தது. ஒரு பிரச்சினை தீர்ந்தது என்று மகன் நினைத்தார். தீர்ந்தது ஒன்றல்ல, இரண்டு என்று பாட்டி நினைத்திருக்க வேண்டும்.

பூனையைக் கொண்டுபோவது சாதாரணக் காரியம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வந்த கதை எந்தக் கிராமத்திலும் கிடைக்கும். ஆனால் நாய், பூனைகளின் பயணத்துக்கென்றே 1978-ம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளில் தனி அத்தியாயம் இருக்கிறது. பிராணி பயணம் செய்யத் தகுதியாக இருக்கிறது, தொற்றுநோய் இல்லை என்று மருத்துவர் தரும் சான்றிதழ் பற்றி அது பேசுகிறது. மஞ்சுவுக்கும் ஒரு சான்றிதழ் வாங்கப்பட்டது. குடற்புழு மருந்தும், எட்டாவது வாரம் போடும் முதல் தடுப்பூசியும் ஆயிற்று. வெறிநோய்த் தடுப்பூசிக்கு மூன்று மாதம் ஆகவேண்டும். அதைத் திருச்சியில் போட்டுக்கொள்ளலாம்.

கூண்டைப் புறப்படும் நாளில் முதன்முதலாகக் காட்டக் கூடாது என்றார் மருத்துவர். பத்து நாள் முன்பே அது கூடத்தில் திறந்து கிடந்தது. மஞ்சுவின் சாப்பாடு அதற்குள்தான். தானாகவே போய்த் தூங்கும் அளவுக்குப் பழகியது. அடியில் பாட்டியின் பழைய நூல் புடவைத் துண்டு. பூனைக்குக் கண்ணைவிட மூக்கு பெரிய ஆறுதல். புறப்படுவதற்கு நாலு மணி நேரம் முன்பு கொஞ்சமாகச் சாப்பாடு. கூண்டுக்குப் பின் இருக்கையில் பெல்ட். மேலே ஒரு துண்டு. வாந்தி வந்தாலும் மனிதர்களுக்கான மாத்திரை எதுவும் கூடாது. நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் பூனையின் உயிரையே வாங்கிவிடும். வாயைத் திறந்து நாய்போல இரைத்தால் வெப்பம் தாங்கவில்லை என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடும் வண்டியில் கூண்டைத் திறக்கவே கூடாது.

சில்க் போர்டு சந்திப்பில் அந்த நேரத்திலும் வண்டிகள் இருந்தன. 2010-ல் திறந்த எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறிய பிறகு அந்தப் பத்து கி.மீ.யும் மஞ்சு மூச்சு விடாமல் கத்தியது. அத்திப்பள்ளியில் கர்நாடகம் முடிந்து ஓசூரைத் தாண்டியபோது கத்தல் நின்றது. பேத்தி துண்டை விலக்கிப் பார்த்தாள். வாயோரம் எச்சில் ஒழுகியது. சிறிது நேரத்தில் வாந்தி. சூளகிரிப் பக்கம் ஓரமாக நிறுத்தி, கதவுகளையெல்லாம் மூடிக்கொண்டு புடவைத் துண்டை மாற்றினார்கள். கிருஷ்ணகிரியில் காபி. மஞ்சு தண்ணீரைக்கூட முகர்ந்து பார்க்கவில்லை.

"செத்துப் போயிடுமா, பாட்டி?"

"வயத்தைப் பிரட்டினா யாராவது செத்துப் போவாளா? நீ கொடைக்கானல் போறச்சே எத்தனை தடவை எடுத்தே!"

தர்மபுரி தாண்டினால் தொப்பூர். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. அந்த இறக்கத்தின் கடுமையான பகுதி இந்தக் கணவாய்தான். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் லாரிகள், பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகளின் மேல் ஏறிய சம்பவங்கள் இங்கே பல. மகன் கியரைக் குறைத்து, இடதுபக்கமாக மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் இன்னொன்று.

அந்த இடத்தில்தான் பேத்தி கூண்டைத் திறந்தாள். குட்டி மறுபடி முனகியது. மடியில் வைத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். கதவு ஒரு விரற்கடை விலகியதுதான் தெரியும். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று இருக்கைகளுக்கு நடுவே பாய்ந்து ஓட்டுநர் காலடியில் மறைந்தது.

"அப்பா! மஞ்சு உன் கால்கிட்ட!"

ஒன்பது வாரக் குட்டி முக்கால் கிலோ இருக்கும். பிரேக் பெடலின் அடியில் அது போய் உட்கார்ந்தால் பெடல் முழுதும் இறங்காது. இறங்கினால் குட்டி இருக்காது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு எரிந்தது. மகனின் கால் பெடலுக்கு மேலே ஒரு கணம் நின்றது. பிறகு அழுத்தினார். கார் நின்றது. காலடியில் மெத்தென்று ஒன்றும் தட்டுப்படவில்லை. பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டே விலகிப் போயிற்று. ஓர் அகன்ற ஓரம் கிடைக்கும் வரை ஊர்ந்து போய், நாலு பக்கமும் விளக்கைப் போட்டு நிறுத்தினார். கை நடுங்கியது.

மகளைத் திட்டத் திரும்பினார். அவள் ஏற்கனவே அழுதுகொண்டிருந்தாள்.

குட்டி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், ஒயர்களுக்கு நடுவே பதுங்கியிருந்தது. மகன் கையை விட்டார்; சீறியது. பக்கத்தில் லாரிகள் போகும்போதெல்லாம் கார் அதிர்ந்தது. "சீக்கிரம் எடுக்கணும்மா, இங்கே நிக்கக் கூடாது" என்றார். பாட்டி பதில் சொல்லவில்லை. அவரைக் கொஞ்சம் விலகச் சொல்லிவிட்டு, குனிந்து, தன் புடவைத் தலைப்பை இருக்கையின் அடியில் தரையோடு தரையாக விரித்தார். கையை அதன்மேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று. இன்னும் ஐந்து. முதலில் ஒரு மூக்கு வந்தது. பிறகு ஒரு முன்னங்கால். பிறகு முழுதுமாக வந்து தலைப்பில் ஏறிக்கொண்டது. அப்படியே சுருட்டிக் கூண்டுக்குள் வைத்தார்.

கணவாயைத் தாண்டும்வரை யாரும் பேசவில்லை.

ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பூனைக்குட்டி வெறும் பூனைக்குட்டி அல்ல. வைணவத்தில் வடகலைக்கும் தென்கலைக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றைச் சொல்ல உபன்யாசகர்கள் எடுப்பது இந்த உவமையைத்தான். குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும்; பிடி விட்டால் போயிற்று. பூனைக்குட்டி ஒன்றுமே செய்யவேண்டாம். தாய் வாயில் கவ்விக்கொண்டு போகும். வேதாந்த தேசிகர் வழியினர் முன்னதைச் சொல்வார்கள், பிள்ளை லோகாசாரியர் வழியினர் பின்னதை. தாய் கவ்வியதும் குட்டி கையைக் காலை மடக்கிக்கொண்டு துவண்டு கிடப்பதை யாரும் பார்த்திருக்கலாம். தாய் சுமந்து நடக்கும்போது சுண்டெலிக் குஞ்சும் மனிதக் குழந்தையும்கூட அடங்கிப் போவதையும், இதயத் துடிப்பு தணிவதையும் ஜப்பானிய விஞ்ஞானிகள் 2013-ல் பதிவு செய்தார்கள். கார் அப்படிச் சுமப்பதில்லை. அது வெறுமே நகர்கிறது. எங்கே, யாரோடு என்று குட்டிக்குத் தெரிவதில்லை.

சேலம் நெருங்கும்போது மகன்தான் ஆரம்பித்தார். "கஷ்டப்படக் கூடாதுன்னுதானேம்மா உன்னை அழைச்சுண்டு வந்தேன். தூக்கிண்டு வந்த மாதிரிதான் வந்தேன்."

"தெரியும்டா" என்றார் பாட்டி. "தூக்கிண்டு போற பூனைக்கு எங்கே வைக்கணும்னு தெரியணும். அதான் ஏழு வீடு மாத்தறது."

நாமக்கல்லில் தயிர்சாதம். தொட்டியம், முசிறி என்று காவிரியை ஒட்டி வரும் சாலையில் வாழைத் தோட்டங்கள் தொடங்கியதும் பாட்டி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். மஞ்சு தூங்கியது. மதியம் இரண்டு மணிக்கு ராஜகோபுரம் தெரிந்தது.

நாய் மனிதனை நம்பும், பூனை வீட்டை நம்பும் என்பார்கள். அதில் பாதியாவது உண்மை. பூனை இடத்தோடு ஒட்டும் பிராணி. புது வீட்டில் முதலில் ஒரே அறையைக் கொடுத்து, சாப்பாடு, தண்ணீர், மணல் தட்டு எல்லாவற்றையும் அங்கேயே வைத்து, பிறகுதான் மற்ற அறைகளைக் காட்ட வேண்டும். மஞ்சு கூண்டிலிருந்து நேராகக் கட்டிலின் அடிக்குப் போய்விட்டது. மாலை வரவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கும் வரவில்லை. மகன் நாலு தடவை குனிந்து பார்த்தார்.

பாட்டி குனியவேயில்லை. அவர் பரணிலிருந்து பித்தளைக் குடத்தை இறக்கச் சொன்னார், வெளித் திண்ணையைக் கழுவினார், ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தார். பெங்களூரில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் இருட்டில் விளக்குப் போடாமல் பின்கட்டுக்குப் போய் வருவதை மகன் கவனித்தார். சுவிட்ச் எங்கே, படி எங்கே என்று அவருக்குப் பார்க்கவேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை மகனும் பேத்தியும் கிளம்பியபோதும் மஞ்சு வெளியே வரவில்லை. பேத்தி கட்டிலின் அடியில் தலையை விட்டு விடைபெற்றாள். வழி நெடுக மகன் பேசவில்லை. தொப்பூரில் இம்முறை ஏற்றம்; லாரிகள் முனகிக்கொண்டு ஏறின. கிருஷ்ணகிரியில் காபிக்கு நிறுத்தியபோது செல்போன் அடித்தது.

"வந்துடுத்துடா" என்றார் பாட்டி. "அடுக்களை ஜன்னல்ல உக்காந்துண்டு தெருவைப் பாக்கறது."

"சாப்பிட்டதா?"

"ரெண்டு பேரும் சாப்பிட்டாச்சு. நீ பாத்து ஓட்டிண்டு போ."