யார் பார்க்க இந்த நடை?

தண்ணீர்மலைப் பூங்காவுக்குக் காலையில் நடக்கப் போகிறவர்கள் பினாங்கில் அதிகம். 1884இல் தொடங்கிய பழைய பூங்கா. மரநிழலும் குரங்குகளும் உண்டு. இப்போது அங்கே பாதிப் பேர் நடந்து முடித்ததும் முதலில் செய்வது கைப்பேசியைப் பார்ப்பதுதான். எத்தனை அடி, எத்தனை கலோரி!

பாயான் லெப்பாஸில் என்னோடு வேலை செய்யும் இளைஞர்களுக்கு இது பெருமை. பினாங்குப் பால மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பவர்கள் ஓடிய வரைபடத்தைக் குழுவில் போடாமல் குளிக்கக்கூடப் போவதில்லை. சிலருக்குக் காப்புறுதிப் புள்ளிகள் மேல் கண். இவர்கள் எல்லாரும் செயலி இல்லாவிட்டாலும் ஓடியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தேவைப்படுகிறவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஏறக்குறைய 31 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அந்த ஒருவர், அப்பா.

அப்பாவுக்கு 68 வயது. மைசெஜாத்ரா காலத்தில்தான் செயலி என்ற சொல்லே அவருக்குப் பழக்கமானது. கடை வாசலில் ஸ்கேன் செய்யாவிட்டால் தே தாரிக் கிடையாது என்றால் எந்த அப்பாவும் கற்றுக்கொள்வார். 2022 மே மாதம் அந்தக் கட்டாயம் போனது. கைப்பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை அதைப் பிடித்துக்கொண்டாள். நடைச் செயலி ஒன்றை ஏற்றி, குடும்பத்தில் நால்வரையும் ஒரே குழுவில் சேர்த்துவிட்டாள்.

உணவைப் பதிகிற பகுதி இரண்டு நாளில் செத்துப்போனது. நாசி கண்டாருக்குக் குழம்பு 'பஞ்சிர்' என்று கேட்டு வாங்குகிற ஊர் இது. அதை எத்தனை கிராம் என்று எழுதுவது?

நடை மட்டும் தங்கியது. செயலி 10,000 அடி கேட்டது. அந்த எண் மருத்துவர் எழுதிக் கொடுத்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடிமானி'. விளம்பரத்துக்கு வைத்தது உலகச் சட்டமாகிவிட்டது. அமெரிக்காவில் சராசரி 72 வயதுப் பெண்களை வைத்துச் செய்து 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே மரண விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது. 7,500க்கு மேல் பெரிய வித்தியாசமில்லை. தங்கை இதைப் படித்துவிட்டு அப்பாவின் இலக்கை 4,500 ஆக்கினாள். எட்டாவிட்டால் இரவு ஒன்பதுக்கு போன் வரும்.

"அவ கேப்பாம்மா" என்று சொல்லியே அப்பா செருப்பை மாட்டுவார். சர்க்கரைக்குப் பயந்து அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

போன வருடம் மூன்று நாள் தொடர்ந்து எண் சரிந்தது. 2,100, 900, கடைசியில் 312. மழை என்றார் அப்பா. சிங்கப்பூரிலிருந்து தங்கை எனக்குப் போன் செய்து, "அண்ணே, அங்க அவ்ளோ மழையா?" என்று கேட்டாள். மழையே இல்லை. வீட்டுக்குப் போய்க் காலுறையைக் கழற்றச் சொன்னேன். வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் கொப்புளம் உடைந்து புண்ணாகி இருந்தது. உணர்ச்சி மரத்த கால். அவருக்கு வலிக்கவே இல்லை. ஆனால் பார்த்திருக்கிறார், மறைத்திருக்கிறார். அன்றே கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். ஐந்து வாரம் கட்டுப் போட்டார்கள். விரல் தப்பியது.

செயலிக்குப் புண் தெரியாது. அன்றும் அது "இன்னும் கொஞ்சம் முயலுங்கள்" என்றுதான் அவருக்குச் செய்தி அனுப்பியிருந்தது. எண் குறைந்தது ஏன் என்று கேட்க ஒரு மகள் இருந்தாள்.

குழுவில் எப்போதும் கடைசி இடம் அம்மாவுக்கு. 600, 700. அப்பா கேலி செய்வார். அம்மாவின் போன் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கும். அவர் அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடப்பதை அது எப்படி எண்ணும்? ஒருநாள் அம்மா போனைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். இரவு 8,240. எல்லாருக்கும் காட்டினார். மறுநாள் போன் பழையபடி ஃபிரிட்ஜ் மேலே ஏறிவிட்டது. "ஒரு நாள் காட்டியாச்சுல்ல" என்றார்.

கடைசியாக எப்போது இரத்தப் பரிசோதனை செய்தீர்கள் என்று அம்மாவைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ ஃபார்ம் ஃபோர் படிக்கிறப்போ" என்றார். எனக்கு இப்போது 34 வயது. வரும் புதன்கிழமை பாதி நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். முந்தைய இரவு பத்து மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக்கூடாது என்று அவரிடம் இரண்டு முறை சொல்லியாயிற்று.