மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

கொழும்பிலே பழைய கார் வைத்திருப்போருக்கு ஆண்டுதோறும் ஒரு பரீட்சை உண்டு. வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு முன்னர் புகைச் சான்றிதழ் பெற்றாக வேண்டும். 2008ஆம் ஆண்டின் இறுதியில் மேல் மாகாணத்தில் இந்நடைமுறை தொடங்கியபோது, வெள்ளவத்தையில் வாழ்ந்த ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர் அதனை மனமார வரவேற்றார். நாற்பது ஆண்டுகள் பரீட்சை வைத்தவர் அவர். தமது கார் அப்பரீட்சையில் தவறும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

கார் அவருடைய தந்தையார் 1959இல் வாங்கிய மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிசு வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த அந்த வண்டி, இலங்கை மத்தியதர வர்க்கத்தாரின் வீட்டு முற்றங்களில் நெடுங்காலம் நின்றது. இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து. 1957இல் அறிமுகமாகித் தமிழரின் எதிர்ப்புக்கு உள்ளான அதே எழுத்து. அவ்வெதிர்ப்பில் தாமும் பங்குகொண்ட தந்தையார், பின்னர் அதே எழுத்தைத் தாங்கிய காரைத் தினமும் துடைத்துப் பாதுகாத்தார் என்பது குடும்பத்தில் வழங்கும் வேடிக்கை.

ஆயினும் அக்காரின் உண்மையான வரலாறு யாழ்ப்பாணத்தில், 1990ஆம் ஆண்டின் பின்னரே தொடங்குகின்றது எனலாம். பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைத்தற்கரிய பண்டமாயிற்று. புதிய யப்பானிய கார்கள் கொட்டில்களில் முடங்கிக் கிடக்க, மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் வீதிக்கு மீண்டன. அவற்றின் எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு; ஆதலின் மண்ணெண்ணெயையும் ஒருவாறு எரித்துக்கொள்ளும். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். பின்னால் வெண்புகை சுருள் சுருளாக எழும். தெருவோரத்தில் நின்றவர்கள் இருமுவர். ஆனால் எவரும் ஏசுவதில்லை. பிரசவ வலியெடுத்த பெண்ணை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்வது அந்தப் புகைதான். ஆசிரியரின் மாணவர்கள் இரவில் படித்ததும் அதே மண்ணெண்ணெயில், ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கின் முன்னே. 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் திரண்ட சனத்தினூடே அந்தக் கார் ஊர்ந்தது. பின்னாசனத்தில் அவருடைய வயோதிபத் தாயார். மடியில் ஓர் அரிசிப் பை. அவரோ பெரும்பாலான தூரம் அருகில் நடந்தே சென்றார். பாரம் குறைந்தால் எண்ணெய் மிஞ்சும் என்று.

மண்ணெண்ணெய் தன் கூலியை வாங்காமல் விடவில்லை. எரியாது எஞ்சிய எண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் மசகைக் கழுவிக் கீழிறங்கி, அடித்தட்டிலுள்ள எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். வளையங்களும் தாங்கிகளும் தேயும். 2002இல் ஏ9 வீதி திறக்கப்பட்டபின் கார் லொறியொன்றில் ஏறிக் கொழும்பு வந்தபோது, அதன் எஞ்சின் பெயரளவிலேயே எஞ்சினாக இருந்தது. (ஈயம் கலந்த பெற்றோலை இலங்கை கைவிட்டதும் அதே ஆண்டிலேதான்.)

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்கு அண்மையில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக் ஒருவர் பஞ்சிகாவத்தைக்குச் சென்று, டற்சன் 1200 காரின் ஏ12 எஞ்சினைக் கியர்ப்பெட்டியுடன் எடுத்து வந்தார். கொள்ளளவு 1171 கன சென்ரிமீற்றர், பழையது 948. தாங்கு சட்டத்தை வெட்டி ஒட்டி, புகைக்குழாயைக் கையாற் செய்து பொருத்தினார். மாற்றிய எஞ்சினின் இலக்கம் பதிவேட்டிலும் ஏற வேண்டுமாதலால் நாரஹேன்பிட்டவுக்குப் பலமுறை அலைய வேண்டியிருந்தது. அதன்பின் ஆறேழு ஆண்டுகள் கார் நன்றாகவே ஓடியது.

2009இல் சோதனை நிலையத்தில் புகைக்குழாயினுள் கருவியின் முனை செருகப்பட்டது. பெற்றோல் வாகனத்தை இருமுறை அளப்பர்: எஞ்சின் ஆறுதலாகச் சுழலும் நிலையில் ஒருமுறை, நிமிடத்துக்கு 2500 சுற்றுகளில் மறுமுறை. முதலாவதில் கார் சித்தியடைந்தது. இரண்டாவதில் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் எல்லையை மீறின. ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிய நிறையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியவர் அவர். காற்றுக் குறைந்தால் காபனீரொட்சைட்டு உண்டாக வேண்டிய இடத்தில் காபனோரொட்சைட்டு உண்டாகும். பாடம் தெரிந்தது, கார் தவறியது.

மெக்கானிக் தயங்கவில்லை. “டெஸ்டுக்கு மட்டும் சின்ன ஜெட் போட்டுத் தாறேன், சேர். பாஸானதும் கொண்டாங்க, பழையதைப் போட்டு விடுறேன்.” சிறிய ஜெட்டினால் பெற்றோல் குறையும், கலவை மெலியும், கருவி மகிழும், ஆனால் ஏற்றத்தில் கார் இழுக்காது. கொழும்பில் பலரும் கையாண்ட உபாயம் அது. ஆசிரியர் உடன்பட்டார். சான்றிதழ் கிடைத்தது. பழைய ஜெட்டும் திரும்ப ஏறியது. அன்றிரவு சான்றிதழின் எண்களை அவர் வாசித்தார். ஒவ்வொன்றும் சரியான எண். ஆனால் ஒழுங்கையில் நிற்கும் காரின் எண் அன்று. பார்த்தெழுதிய மாணவரைப் பரீட்சை மண்டபத்திலிருந்து எழுப்பி அனுப்பியவருக்கு அது எளிதிற் செரிக்கவில்லை.

மறு ஆண்டு மெக்கானிக் கேட்டார்: “போன வருசம் மாதிரியே செய்வோமா, சேர்?”

“வேண்டாம் தம்பி. என்ன பிழை எண்டு பாப்பம்.”

“செலவு வரும், சேர். பழைய காருன்னா புகை வரத்தானே செய்யும்.”

“யாழ்ப்பாணத்தில நான் விட்ட புகைக்கு ஒரு காரணம் இருந்தது, தம்பி. இதுக்கு இல்லை.”

இரண்டு நாட்கள் தேடினர். ஆறுதற் சுழற்சியின் கலவையைச் சிறு திருகொன்று ஆள்கின்றது. அதனைத் திருகியே முதற் சோதனையில் தப்பியிருந்தனர். 2500 சுற்றில் எரிபொருள் வருவது பிரதான ஜெட்டினூடாக. அங்கே எவ்வளவு பெற்றோல் ஏறும் என்பதைக் காபரேற்றரின் கிண்ணத்திலுள்ள மட்டம் தீர்மானிக்கும். மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்கியபோது உள்ளே பெற்றோல் தளம்பும் ஒலி கேட்டது. நுண்துளையொன்றினால் மிதவை கனத்துத் தாழ்ந்து, ஊசி வால்வை முற்றாக மூடவிடாது மட்டத்தை உயர்த்தி வைத்திருந்தது. ஐதரோகாபனுக்குக் காரணம் வேறு. இது வெப்ப நாடு, தேவையில்லை என்று எஞ்சினின் தேர்மோஸ்ராற்றை யாரோ முன்னரே கழற்றியிருந்தனர். நம் நாட்டுக் கராஜ்களின் பழைய மூடநம்பிக்கைகளுள் இதுவும் ஒன்று. அதனால் எஞ்சின் உரிய சூட்டை அடையாமலே ஓடிக்கொண்டிருந்தது. புகைக்குழாய்ப் பொருத்தில் ஒரு கசிவும் இருந்தது; அதனூடே புகும் வெளிக்காற்று அளவையே குழப்பிவிடும்.

மிதவை, ஊசி வால்வு, தேர்மோஸ்ராற், ஒட்டுவேலை ஆகியவற்றின் செலவு அவருடைய மாத ஓய்வூதியத்தில் பெரும்பகுதியை விழுங்கியது. மெக்கானிக் தமது கூலியைக் குறைத்துக்கொண்டார், காரணம் சொல்லவில்லை.

சோதனை நிலையத்தில் இம்முறை இரு அளவுகளும் எல்லைக்குள் வந்தன. தாளை நீட்டிய இளம் ஊழியர், “இது காரோடு வந்த எஞ்சின்தானா?” என்று வினவினார். இல்லை என்றார் அவர். மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்து, பின்னால் வாகனங்கள் காத்து நிற்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். காலி வீதியில் திரும்புகையில் முன்னே சென்ற பேருந்தொன்று கரும்புகையைக் கக்கியது. சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, அவர் கண்ணாடியை உயர்த்தினார்.