பக்கம் மாறும் வெயில்

போடியில் வண்டி ஏறியபோது முன்சீட்டில் அந்த ஆத்தாவைப் பார்த்தேன். எழுபது வயது இருக்கும். சுங்கிடிச் சேலை, தோளில் மடித்துப் போட்ட துண்டு, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் முகத்தில் ஒரு பெரிய கருப்புக் கண்ணாடி. பக்கவாட்டையும் சேர்த்து மூடுகிற பிளாஸ்டிக் கண்ணாடி. வலது கன்னத்தில் பிளாஸ்திரி உரித்த தடம். எந்தக் கண் என்ற அடையாளத்துக்காகப் புருவத்துக்கு மேலே போட்ட மைக்கோடு இன்னும் அப்படியே இருந்தது. முகம் கழுவக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள், எப்படி அழியும்?

பக்கத்தில் பேத்தி. பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கிற வயசு. மடியில் மஞ்சப்பை, அதற்குள் சொட்டு மருந்து, கையில் செல்போன்.

தேனிக்கு அரவிந்த் கண் மருத்துவமனை 1985-இல் வந்தது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களில் இருக்கிற தமிழ்ச் சனத்துக்கு மாநிலம் கேரளம், மாவட்டம் இடுக்கி. கண்ணு என்றால் மட்டும் தேனி. மலையேறுகிற காலை வண்டியில் இப்படி ஒரு கண்ணாடியை நான் அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு நாள் முந்தி யாரோ கைபிடித்துக் கூட்டிப்போன ஆளாக இருக்கும்.

முந்தல் தாண்டியதும் ஏற்றம். 17 கொண்டை ஊசி வளைவு. கார்த்திகை மாசத்துப் பத்து மணி வெயில் சன்னல் வழியே சாய்வாக விழுந்தது. வளைவுக்கு வளைவு அது பக்கம் மாறும். ஆத்தா முந்தானையை வலப்பக்கம் இழுத்து மறைப்பாள். வண்டி திரும்பியதும் இடப்பக்கம் இழுப்பாள். நாலாவது வளைவுக்குள் பேத்திக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிக்கத் தொடங்கும்போதே துண்டைப் பிரித்து, வெயில் வரப்போகிற பக்கம் கன்னத்தை ஒட்டித் தூக்கிப் பிடித்தாள். ஏழு, எட்டு, ஒன்பது என்று வளைவுகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டும் வந்தாள்.

எதிர்சீட்டில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர் சும்மா இருக்கலாம்.

“என்னா ஆத்தா, எம்ஜியாரு கணக்கா இருக்கே!”

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆத்தாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டாள். அடுத்த திருப்பத்தில் வெயில் நேரே முகத்தில் அறைந்தது. கண்ணை இறுக்கி மூடினாள். வலது ஓரத்தில் நீர் வடிந்தது. துடைக்கக் கை போனது. பேத்தி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பழுத்துப் பழுப்பேறிய புரை அத்தனை வருஷமும் கண்ணுக்குள் ஒரு திரை மாதிரித் தொங்கியது. நீலத்தை மங்கவைத்து, வெளிச்சத்தை வடிகட்டித்தான் உள்ளே விட்டது. அதை எடுத்துவிட்டுத் தெளிந்த லென்ஸை வைத்தால் மொத்த வெளிச்சமும் ஒரே நாளில் உள்ளே பாய்கிறது. போதாக்குறைக்கு, ஆப்பரேசனுக்காகச் சொட்டு விட்டு விரித்த கண்மணி சுருங்கவும் நேரமாகும். இப்போது வைக்கிற லென்ஸ்களில் பெரும்பாலும் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் சேர்ந்தே வருகிறது. ஆனாலும் கூச்சத்துக்கும் காற்றுக்கும் தூசிக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கசக்கப் போகிற சொந்தக் கைக்கும், இந்தக் கண்ணாடிதான் காவல். பஸ் ஸ்டாண்டில் தள்ளுவண்டியில் தொங்கும் கூலிங் கிளாஸை நம்ப முடியாது. கருப்புச் சாயம் மட்டும் பூசி, புறஊதாக் கதிரைத் தடுக்காத கண்ணாடி என்றால், இருட்டென்று நம்பிக் கண்மணி விரியும். வேண்டாத கதிர் கூடுதலாக நுழையும்.

இதையெல்லாம் வெற்றிலைக்காரரிடம் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. பேருந்தில் பாடம் நடத்துகிறவனை யாருக்கும் பிடிப்பதில்லை.

“போடு அம்மாச்சி.”

“எல்லாரும் சிரிக்கிறாகடி.”

“சிரிக்கட்டும், போடு.”

போட்டாள். போடிமெட்டு வரை.

மெட்டில் மூட்டம் இறங்கியிருந்தது. செக்போஸ்ட் விளக்கு வட்டமாகக் கலங்கித் தெரிந்தது. வண்டி நின்றதும் ஆத்தா மறுபடி கழற்றினாள். “வெயிலே இல்லையே, இப்ப எதுக்கு?” என்றாள். மலைச்சனம் எல்லோரும் ஏமாறுகிற இடம் இது. மூட்டம் வெளிச்சத்தைத்தான் மங்கவைக்கும். புறஊதாக் கதிர் மெல்லிய மேகத்தைத் தாண்டி வந்துவிடும். உயரம் ஏற ஏற அது கூடவும் செய்யும்.

பேத்தியும் இந்த முறை வற்புறுத்தவில்லை. ஆத்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் பாவாடையின் ஓரத்தை விரலில் எடுத்து, முகத்துக்கு அருகே கொண்டுவந்து, திருப்பிப் பார்த்தாள்.

“இது நீலமாடி?”

“எப்பவும் நீலந்தான் அம்மாச்சி.”

“பச்சைன்னுல்ல நெனச்சேன்.”

வெற்றிலைக்காரர் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

வண்டி கிளம்பிய பிறகு பேச்சு வேலைக்கு வந்தது. ஒரு மாசம் காட்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. ஆத்தாவுக்கு அது ஒப்பவில்லை. “தேயிலையின்னாலும் சரி, வெட்டவெளி. ஏலக்காட்டுக்குள்ள எங்கடி வெயிலு?” என்றாள். பேத்தியிடம் பதில் இல்லை. எனக்கும் சட்டென்று தோன்றவில்லை, ஏனென்றால் அவள் சொன்னது சரி. ஏலம் மரநிழலில் வளர்கிற பயிர். உச்சிவேளையிலும் உள்ளே இருட்டாகத்தான் இருக்கும். ஆனால் காய் எடுப்பவள் செடியின் தூரில் உட்கார்ந்து, தலையைத் தரையை நோக்கித் தொங்கவிட்டு, சரம் சரமாகத் தேடி எடுக்க வேண்டும். முகத்துக்கு நேரே தட்டைகளும் இலைகளும் உரசிக்கொண்டே இருக்கும். குனியாதே, பாரம் தூக்காதே, கண்ணில் எதுவும் படவிடாதே என்கிறார்களே, அந்த மூன்றையும் மீறுவதற்குப் பேர்தான் அங்கே வேலை. வீட்டில் இருந்தாலும் விறகடுப்பு. ஒரு மாசம் உட்கார வைத்துச் சோறு போட யார் இருக்கிறார்கள் என்று எந்த மருந்துச்சீட்டும் கேட்பதில்லை.

“சனிக்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் நான் போறேன் அம்மாச்சி, காய் எடுக்க” என்றாள் பேத்தி. ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை எடுத்து அவளாகவே மாட்டிக்கொண்டாள்.

பூப்பாறையில் மூட்டம் விலகியிருந்தது. இறங்கினார்கள். தோட்டத்துக்குப் போகிற ஜீப் தயாராக நின்றது. “அம்மச்சி, முன்னாடி கேறிக்கோ” என்று பாதி மலையாளத்தில் கூப்பிட்டார் டிரைவர். பேத்தி பாட்டியை உள்பக்கம் ஏற்றி, தான் காற்றடிக்கிற ஓரத்தில் உட்கார்ந்து, செல்போனில் அலாரத்தைச் சரிபார்த்தாள்.

மணி 11.30. பன்னிரண்டு மணிச் சொட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.