பூவுக்காக உட்காருங்கள்

கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலை மொத்தமே 116 ஹெக்டேர்தான். 2024-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. வனத்துறை அனுமதி வாங்கி கேமராவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்தபடியே நடப்பார்கள். எனக்கு அங்கே பிடித்த இடம் தரை.

மழைக்காலத்தில் ஈரக் கரைகளில் காட்டுக் காசித்தும்பைகள் பூத்துக் கிடக்கும். முகம் அழகாக விழுகிறதே என்று எல்லாரும் முன்னாலிருந்துதான் எடுக்கிறார்கள். தேன் இருப்பதோ பின்பக்கம் வால்போல் நீளும் குழலில். அதன் நீளமும் வளைவும் இனத்துக்கு இனம் மாறும். பக்கவாட்டில் ஒரு படமும், இலை தண்டோடு செடி முழுதும் தெரிய ஒரு படமும் இல்லையென்றால், தாவரவியல் படித்தவரும் உதட்டைப் பிதுக்கிவிடுவார்.

இந்தப் பூவுக்கு மேகமூட்டம்தான் நல்ல வெளிச்சம். வெயில் நேராக விழுந்தால் இதழின் நரம்புகள் வெளிறிப்போகும். லேசான காற்றுக்கே தலையாட்டும். காற்று வரும் பக்கம் குடையை விரித்து வைத்துவிட்டு, ஆட்டம் நிற்கும்வரை முழங்கையை ஊன்றிக் கிடக்க வேண்டியதுதான். காலில் மூக்குப்பொடி தடவியிருந்தாலும் அட்டை ஏறும். ஏறட்டும்.

அப்படிக் கிடக்கிறவருக்குத்தான் பறவை கிடைக்கும். கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. உச்சிக்கிளைக்குப் போகாமல் தாழ்ந்த புதர்களுக்குள்ளேயே பூச்சி பிடிக்கும். நடமாடுகிற ஆளைக் கண்டால் உள்ளே ஒதுங்கிவிடும். அசையாத ஆளைக் கொஞ்ச நேரத்தில் பொருட்படுத்தாது. சில சமயம் லென்ஸ் ஃபோகஸ் ஆகாத அளவுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும்.

பறவை என்றால் ஷட்டர் 1/1000 என்ற பாடம் இங்கே எடுபடாது. சோலைக்குள் பகலிலேயே ஐ.எஸ்.ஓ. 3200-ஐத் தாண்டும். இது ஒரே குச்சியில் சில நொடிகள் அசையாமல் இருக்கிற பறவை. லென்ஸைப் பைமேல் சாய்த்து வைத்தால் 1/125 போதும். கருந்தலையையும் இருண்ட பின்னணியையும் பார்த்துக் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டும், ஆரஞ்சு வயிறு வெளுத்துவிடும். அதனால் முன்கூட்டியே எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்து வைத்துவிடுவேன்.

கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது சுலபம். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று எண்ணி, இரையை விட்டுவிட்டுப் பறவை ஓடிவரும். அப்படி எடுத்தது எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் நான் அதைப் படமென்று மதிப்பதில்லை. குறுக்கே நிற்கும் செடியைப் பிடுங்கிவிட்டு எடுக்கும் பூப்படமும் அப்படியே.

அடுத்த மழைக்குச் சோலைக்குப் போகிறவர்கள், பெரிய லென்ஸோடு, படுத்துக்கொள்ள ஒரு பழைய சாக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். விரிக்குமுன் அடியில் நாற்று முளைத்திருக்கிறதா என்று ஒருதரம் பாருங்கள்.