எட்டு மணி நேரத்தில் ஒரு தீவு

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் நான்கு இரவுப் பயணம். நடுவில் இரண்டு நிறுத்தங்கள்: புக்கெட், பினாங்கு. ஒவ்வொரு தீவிலும் ஏறத்தாழ எட்டு மணி நேரம். கப்பலில் கொடுத்த சுற்றுலாப் பட்டியலைப் பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு படித்தார்கள். கடற்கரை, கடலில் படகு விளையாட்டு, கடைத்தொகுதி, மறுபடியும் கடற்கரை.

"ரெண்டு நாளா கடலத்தானே பாத்துக்கிட்டு இருக்கோம். கரையில எறங்கியும் கடலையே பாக்கணுமா?" என்றார் அம்மா. அவருக்கு வயது 75.

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. சுற்றுலாப் பேருந்தில் இடம் பதியாமல், இரண்டு தீவுகளிலும் ஊருக்குள் போவது என்று முடிவெடுத்தோம். பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். மாலையில் கப்பலின் நீச்சல் குளம் அவர்களுக்கு என்று சமாதானம் செய்தேன்.

படகில் கிடைத்த கதை

புக்கெட்டில் எங்கள் கப்பல் கரையை ஒட்டி நிற்கவில்லை. பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறு படகுகளில் ஏற்றிக் கரைக்கு அனுப்பினார்கள். படகு ஆடியது. ஊழியர் ஒருவர் அம்மாவின் முழங்கையைப் பிடித்து உள்ளே இறக்கினார். உட்கார்ந்ததும் அம்மா சொன்னார்:

"நாகப்பட்டினத்துல இப்படித்தான். கப்பல் தூரத்துல நிக்கும். படகுலதான் போயி ஏறணும். எங்கம்மா என்னை இடுப்போட சேத்துக் கட்டிப் பிடிச்சிருந்தாங்க."

1957இல் அம்மா ராஜுலா கப்பலில் வந்தவர் என்பது எனக்குத் தெரியும். ஏழு வயதில் வந்தார், பினாங்கில் இறங்கினார், திருமணத்துக்குப் பிறகு சிங்கப்பூருக்கு வந்தார். குடும்பத்தில் இதை இந்த ஒரு வரியில்தான் சொல்வோம். படகைப் பற்றி அன்றுதான் முதல்முறை கேட்டேன். 11 வயது மகள், "அப்புறம் பாட்டி?" என்றாள். படகு கரையைத் தொட்டுவிட்டது.

ஈயம் வளர்த்த ஊர்

பாத்தோங்கிலிருந்து பழைய புக்கெட் நகரம் சுமார் 15 கிலோமீட்டர். மலை ஏறி இறங்கும் சாலை கத்து வட்டாரத்தின் வழியே போகிறது. ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியேறிய பகுதி அது. 1825இல் அங்கு நாடகம் போட வந்த சீனக் குழுவினர் நோயில் விழுந்தார்களாம். புலால் உண்ணாமல் நோன்பிருந்து ஒன்பது பேரரசர் தெய்வங்களை வழிபட்டதும் குணமடைந்தார்களாம். புக்கெட்டின் புகழ்பெற்ற சைவ உணவுத் திருவிழா அப்படித்தான் தொடங்கியது என்கிறார்கள். இன்றும் அந்த விழாவில் பக்தர்கள் கன்னத்தில் வேல் போன்றவற்றைக் குத்திக்கொண்டு ஊர்வலம் வருகிறார்கள். கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டியதும் மகன், "தைப்பூசம் மாதிரியே இருக்கே!" என்றான்.

பழைய நகரில் நாங்கள் நடந்த தெருக்களில் ஒன்றின் பெயர் டீபுக் சாலை. தாய் மொழியில் டீபுக் என்றால் ஈயம். அடுத்துள்ள தலாங் சாலையில் இரண்டு மாடிக் கடைவீடுகள் வரிசையாக நிற்கின்றன. வண்ணப் பூச்சு, மரச் சன்னல்கள், முன்னால் அஞ்சடி. காத்தோங்கையோ பினாங்கையோ பார்த்தவர்களுக்கு அறிமுகமான வீடுகள்தாம். காரணம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே ஈயம் தோண்ட வந்த ஹொக்கியன் சீனர்களில் பலர் பினாங்கு வழியாக வந்தவர்கள். இங்கு கிடைத்த ஈயம் உருக்கப்படுவதற்குப் பினாங்கு சென்றது. வசதியான குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்க அனுப்பியதும் பினாங்குக்குத்தான். பேங்காக் தரைவழியில் தொலைவு, பினாங்கு கடல்வழியில் பக்கம். 1934இல் கட்டப்பட்ட பழைய சீனப் பள்ளி இப்போது தாய் ஹுவா அருங்காட்சியகமாக இந்த வரலாற்றைச் சொல்கிறது.

இரு தீவுகளையும் இணைக்கும் இன்னொருவர் பிரான்சிஸ் லைட். பினாங்கை நிறுவியவர் என்று நாம் பள்ளியில் படித்த அதே லைட்தான். அதற்கு முன் அவர் புக்கெட்டின் தலாங் பகுதியில் வணிகராக இருந்தார். 1785இல் பர்மியப் படை வருவதாக அவரிடமிருந்து முன்னறிவிப்பு கிடைத்தது. ஆளுநராக இருந்த கணவர் சற்று முன்புதான் இறந்திருக்க, அவருடைய மனைவி சான், தங்கை மூக்குடன் சேர்ந்து ஊரைக் காத்தார். பெண்களுக்கு ஆண் உடை அணிவித்துப் படை பெரியது என்று எதிரியை நம்பவைத்தார்களாம். சகோதரிகள் இருவரும் வாளேந்தி நிற்கும் சிலை விமான நிலையச் சாலையின் சந்திப்பில் இருக்கிறது. புக்கெட்டுக்குப் போய்வந்த பலர் அதைக் காரிலிருந்தபடியே கடந்திருப்பார்கள். லைட்டுக்குச் சான் எழுதிய கடிதங்கள் லண்டனில் பாதுகாக்கப்படுகின்றன.

தலாங் சாலையில் ஒரு முஸ்லிம் கடையில் ரொட்டியும் குழம்பும் வைத்துப் பசியாறினோம். "நம்ம பரோட்டாதான், பேருதான் வேற" என்று அம்மா இரண்டாவது கேட்டு வாங்கினார். ஓ-ஏவ் என்ற பனிக்கட்டி இனிப்பைப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு கிண்ணம் காலி செய்தார்கள்.

அம்மாவின் பினாங்கு

மறுநாள் காலை கப்பல் பினாங்கின் சுவெட்டன்ஹம் துறையில் நின்றது. இங்கே படகு வேண்டாம். இறங்கி வெளியே வந்தால் எதிரே மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணியின் 60 ஆண்டு ஆட்சியை ஒட்டி, ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரத்தில் எழுப்பியது. அருகில், 1786இல் லைட் கரையிறங்கிய இடத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. மெலாகாவும் ஜார்ஜ்டவுனும் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தன. பார்க்க வேண்டிய பலவும் துறையிலிருந்து நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றன.

அம்மா உடனே நடக்கவில்லை. துறை வாசலில் திரும்பி நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு வயசு இருக்கையில எங்கப்பா இங்க வந்துட்டாரு. ஆறு வருஷம் கழிச்சுத்தான் எங்களைக் கூப்பிட்டாரு. எனக்கு அவரு முகமே தெரியாது. கரையில அவ்வளவு ஆம்பளைங்க நிக்கிறாங்க. இதுல யாரு அப்பான்னு எங்கம்மா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தேன்."

"கண்டுபிடிச்சிட்டீங்களா பாட்டி?"

"அவருதான் என்னைக் கண்டுபிடிச்சாரு. தூக்குனாரு. யாரோ தூக்குறாங்கன்னு நான் கத்திட்டேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். நான் அவர் கைப்பையை வாங்கிக்கொண்டேன்.

ராஜுலா 1926இல் கட்டப்பட்ட கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. பெரும்பாலோர் டெக் பயணிகள். தளத்தில் பாய் விரித்துப் படுத்து ஒரு வாரம் கடலில் வந்தவர்கள். அவர்களுக்கு முந்தைய தலைமுறையில் வந்த தோட்டத் தொழிலாளர்கள் பலர் முதலில் ஜெரஜாக் தீவில் தடுத்துவைக்கப்பட்டு, நோய் இல்லை என்று உறுதியான பிறகே ஊருக்குள் விடப்பட்டார்கள். பினாங்குப் பாலத்தில் போகும்போது தெரியும் அந்தப் பச்சைத் தீவுதான் ஜெரஜாக். வெளியூர்க்காரர்கள் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்பதில்லை.

மஞ்சள் துணியில் முடிந்த காசு

குவீன் ஸ்திரீட்டில் உள்ள மகா மாரியம்மன் கோயில் 1833இல் கட்டப்பட்டது. பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். கோயிலுக்குப் பின்பக்கச் சாலையில் ஒரே நேர்கோட்டில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801இல் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் முகைதீன் நிறுவிய பள்ளிவாசல் அது. தைப்பூசத்துக்குக் கிளம்பும் செட்டியார்களின் வெள்ளித் தேர், காரைக்குடியில் செய்து 1894இல் கப்பலில் வந்தது. அதுவும் இதே கடல்வழிதான் என்று மகன் தானாகவே சொன்னான்.

மார்க்கெட் ஸ்திரீட்டை அம்மா இன்றும் கடைத்தெரு என்றுதான் சொல்கிறார். அங்குள்ள தமிழர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். தாத்தா கணக்கெழுதிய மளிகைக் கடையைத் தேடினோம். இரண்டு முறை முன்னும் பின்னும் நடந்தோம். ஒரு துணிக்கடையின் முன் நின்று, "இதுவா இருக்கும்" என்றார். பிறகு, "இல்ல, அதுவா இருக்கும்" என்று எதிர்க்கடையைக் காட்டினார். எங்களுக்கு வருத்தமாக இருந்தது. அவருக்கு அப்படித் தெரியவில்லை. "கடை போனா என்ன, தெரு இருக்கே" என்று மல்லிகைப்பூ இரண்டு முழம் வாங்கினார்.

சூலியா தெரு முனையில் நாகூர் தர்கா இருக்கிறது. நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்த வணிகரும் மாலுமிகளும் தங்கள் ஊர்ப் பெரியவரைத் தாங்கள் இறங்கிய துறையிலும் நினைத்துக்கொண்ட இடம். நான் வெளியிலிருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார்.

"கப்பல் ஏறுறதுக்கு முன்னால எங்கம்மா நாகூர்ல வேண்டிக்கிட்டாங்க. பிள்ளையோட நல்லபடியா போய்ச் சேந்தா காணிக்கை போடுறேன்னு, மஞ்சத் துணியில காசு முடிஞ்சு எடுத்துட்டு வந்தாங்க. எறங்கின வாரமே இங்க வந்துதான் போட்டாங்க. நாகூரும் இதுவும் ஒண்ணுதான்னு யாரோ சொன்னாங்களாம்."

பாட்டி இந்து. அதை ஒரு முரணாக அம்மா சொல்லவில்லை, எனக்கும் அப்போது தோன்றவில்லை. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு உள்ளே போனார். மகள் பின்னாலேயே போனாள். அங்கிருந்த பெரியவர், "வாங்கம்மா, எந்த ஊரு?" என்று கேட்டார். அம்மா சற்றும் யோசிக்காமல், "இந்த ஊருதான்" என்றார்.

நீங்களும் போவதானால்

கப்பல் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று இறங்கும் முன்பே கேட்டுவிட்டால், திரும்பும்போது ஓட வேண்டியதில்லை. படகில் இறங்கும் நிறுத்தங்களில் வரிசை நீளும்; முதியவர்கள் இருந்தால் முதல் படகுக்கே முயலுங்கள். பினாங்கில் மாரியம்மன் கோயிலைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது, மதியம் நடை சாத்திவிடுவார்கள். தோளையும் முழங்காலையும் மூடும் உடை எல்லா வழிபாட்டுத் தலங்களுக்கும் பொருந்தும். எட்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். நான்கைந்து தெருக்கள் போதும்.

இன்னொன்று: வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். எங்கள் வீட்டு வரவேற்பறையில் இத்தனை ஆண்டுகள் வராத கதைகள் ஒரு படகிலும் ஒரு துறை வாசலிலும் வந்தன.

அன்று மாலை நீச்சல் குளத்துக்குப் பிள்ளைகள் போகவில்லை. கப்பல் பினாங்கைவிட்டு நகரும்போது பாட்டியுடன் மேல்தளத்தில் நின்றார்கள். ராஜுலாவில் என்ன சாப்பாடு, எங்கே தூங்குவீர்கள், வாந்தி வந்ததா என்று கேள்விகள். மகள் அதையெல்லாம் கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொண்டாள்.

கடைசியாக அவள் கேட்டது என்னிடம். "சிங்கப்பூரில் நாகூர் தர்கா இருக்கா அம்மா?"

இருக்கிறது. தெலுக் ஆயர் ஸ்திரீட்டில், ஏறக்குறைய 200 ஆண்டுகளாக. அந்தத் தெருவில் உள்ள அலுவலகம் ஒன்றில் நான் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். ஒருநாளும் உள்ளே போனதில்லை. ஊர் திரும்பிய மறுவாரம், அம்மாவை அழைத்துக்கொண்டு நால்வரும் போனோம்.