ஆம்புலன்ஸ் கற்றுத் தந்த கணக்கு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவையினர் வகுப்புக்கு வந்தபோது, கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டவன் நான். எனக்குக் கவிதை வராது, கதையும் வராது. "உனக்குத் தெரிஞ்சதை எழுதுடா, போதும்" என்றார்கள். எனக்குத் தெரிந்தது வண்டி. ஆகவே ஒரு வண்டியைப் பற்றியே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஊர் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிராமம். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்கள். அப்பா வாழைத்தார் லோடு ஏற்றுபவர். அம்மா ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர். விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மேலே போய், பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆட்டோமொபைல் டிப்ளமோ, மூன்றாம் ஆண்டு. "எம்புள்ள வண்டிக்குப் படிக்கிறான்" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

விடுமுறை நாட்களில் கம்பத்தில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போவேன். அங்கே மேஸ்திரி படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் பானட்டைத் திறக்காமலே, இன்ஜின் ஓடுகிற சத்தத்தை வைத்து எந்த இன்ஜெக்டர் சரியில்லை என்று சொல்லிவிடுவார். எனக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவர் பேச்சுக்கு நான் மறுபேச்சுப் பேசியதில்லை. இந்தக் கோடை விடுமுறை வரைக்கும்!

வந்தது வண்டி

மே மாதத்தில் ஒரு நாள் பட்டறை வாசலில் ஒரு பழைய ஆம்புலன்ஸ் வந்து நின்றது. டெம்போ டிராவலர். ஒரு தனியார் அறக்கட்டளையிடம் பதினொரு வருடம் ஓடிய பின் விற்கப்பட்டது. (அரசு வண்டி என்றால் 15 வருடம் முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க முடியாது. 2023 ஏப்ரல் 1 முதல் அப்படி ஒரு விதி வந்திருக்கிறது.) வாங்கியவர் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். "இதை வீடு மாதிரி ஆக்கித் தாங்க மேஸ்திரி. பொண்டாட்டி பிள்ளைகளோட மலைக்குப் போய், வண்டியிலேயே சமைச்சு, வண்டியிலேயே தூங்கணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வீடு இருக்கும்போது வண்டியில் எதற்குத் தூங்க வேண்டும்? ஆனால் விசாரித்துப் பார்த்தால், இது பெரிய விஷயமாகத்தான் இருக்கிறது. ஜெர்மனியில் 1951-லேயே ஃபோக்ஸ்வேகன் வேனுக்குள் கட்டிலும் அலமாரியும் வைத்து விற்றிருக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே திட்டம் கொண்டுவந்தது. இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் அப்படிப்பட்ட வண்டிகள் தங்குவதற்கு இடமும் இருக்கிறது.

ஆம்புலன்ஸ் இதற்கு ஏன் பொருத்தம் என்பது வேலை செய்தபோதுதான் புரிந்தது. உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம். தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத கண்ணாடி. பக்கவாட்டில் அலமாரி. கூடுதல் பேட்டரி, இன்வெர்ட்டர். போருக்குப் போன பிரெஞ்சு டாக்டர் லாரே என்பவர் 1790-களில் குதிரை பூட்டிய ஆம்புலன்ஸ் வண்டியைச் செய்தார். காயம்பட்டவனுக்குக் குலுக்கல் தெரியக்கூடாது என்று அதற்கு ஸ்பிரிங் வைத்தாராம். படுத்திருப்பவருக்காகவே யோசித்துச் செய்த வண்டி ஆம்புலன்ஸ். தூங்குவதற்கு இதைவிட வேறு எது ஒத்துவரும்?

சட்டமும் உண்டு

நண்பர்களே, வண்டி விஷயத்தில் ஆசை மட்டும் போதாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அதே சமயம், கேம்பர் வேன் என்ற வகை மத்திய அரசின் 2004-ஆம் ஆண்டு அறிவிக்கையிலேயே இருக்கிறது. எனவே முறையாக எழுதிக்கொடுத்து அனுமதி வாங்கிய பிறகே வேலையைத் தொடங்கினோம்.

முதலில் கழற்றியது சைரனையும் மேலே சுழலும் விளக்கையும். அந்த விளக்கு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று சொல்வது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் விதி எண் என்ன தெரியுமா? 108! விழுந்து விழுந்து சிரித்தோம்.

வண்டிக்காரர் "நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி ஆக்க முடியுமா?" என்று கேட்டார். மேஸ்திரி பட்டென்று சொன்னார்: "அதுக்கு ஜீப்பு வாங்கணும் சார். இது பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. அது போற எடத்துக்கு நீங்க போங்க, நீங்க போற எடத்துக்கு அதை இழுக்காதீங்க." கல் அடிக்காமல் இருக்க இன்ஜினுக்கு அடியில் தடித்த தகடு, மண்ணில் பிடிக்கும் பட்டன் டயர், கட்டி இழுக்க முன்னும் பின்னும் கொக்கி. கரடுமுரடான பாதைக்கு அவ்வளவுதான் செய்தோம்.

ஸ்ட்ரெச்சர் இருந்த இடத்தில் கட்டில் வந்தது. ஆக்சிஜன் சிலிண்டர் நின்ற மூலையில் சமையல் மேடை. சலைன் பாட்டில் மாட்டும் கொக்கியை மட்டும் விட்டுவைத்தோம். விளக்கு மாட்ட உதவும்.

நான் வாய் திறந்த நாள்

வம்பு வந்தது தண்ணீர்த் தொட்டியில். 200 லிட்டர் தொட்டியைக் கூரைமேல் வைப்பது என்று மேஸ்திரி முடிவு செய்தார். "மோட்டாரே வேணாம்டா. குழாயைத் திறந்தா தண்ணி தானா வரும்." கூடவே கூரையில் சோலார் தகடு, கூடாரம், சாமான் வைக்கும் கம்பித் தட்டு என்று இன்னொரு 100 கிலோ.

எனக்கு மனசு கேட்கவில்லை. இரவு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். எடை மேடையில் பார்த்த வண்டி எடை 2,600 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 85 செ.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொண்டேன். தொட்டி 260 செ.மீ. உயரத்திலும் மற்றச் சாமான் 270 செ.மீ. உயரத்திலும் ஏறினால், ஈர்ப்பு மையம் 103 செ.மீ.க்கு ஏறிவிடுகிறது. தொட்டியை மட்டும் தரைக்கு அடியில் 60 செ.மீ. உயரத்தில் வைத்தால் 90 செ.மீ.தான் வருகிறது. வித்தியாசம் 13 செ.மீ. நோட்டில் அது சின்ன எண். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறுகிற வளைவில் அது சின்ன எண் அல்ல.

ஆனால் எப்படிச் சொல்வது? முப்பது வருடம் தொழில் செய்தவரிடம், மூன்று வருடம் புத்தகம் படித்தவன் போய்ச் சொல்வதா? இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் தொட்டிக்கு இரும்புச் சட்டம் வெல்டிங் வைக்கப் போனார். "மேஸ்திரி... ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டேன். சாக்பீஸை எடுத்துச் சிமெண்டுத் தரையில் கணக்கை எழுதிக் காட்டினேன். கை நடுங்கியது.

அவர் கணக்கைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். பிறகு கேட்டார்: "அதாவது, தலையில குடத்தை வச்சுக்கிட்டு ஓடுற மாதிரிங்கிற?"

"ஆமா மேஸ்திரி. இடுப்புல வச்சா அவ்வளவு ஆடாது."

வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினார். "இதை முந்தாநாளே சொல்றதுக்கு என்னடா? சட்டத்துக்கு இரும்பு அறுத்தாச்சு" என்று திட்டினார். அப்புறம் அவரே ஒன்று சொன்னார். என் நோட்டில் இல்லாத ஒன்று. "தொட்டி பாதி காலியானா தண்ணி அலைமோதும். வளைவுல ஒரு பக்கமா அடிக்கும். டேங்கர் லாரிக்கு உள்ள தடுப்புத் தகடு வைப்போம். இதுலயும் ரெண்டு வைக்கணும்." அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. புத்தகமும் பட்டறையும் சண்டைக்காரர்கள் அல்ல. ஆனால் யாராவது ஒருவர் முதலில் வாய் திறக்க வேண்டும்.

அம்மா கேட்ட கேள்வி

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா எனக்குச் சோறு கொண்டு பட்டறைக்கு வந்தார். வண்டியைப் பெருமையாகத் திறந்து காட்டினேன். உள்ளே ஏறிக் கட்டிலில் மெல்ல உட்கார்ந்தார். மேலே சலைன் கொக்கியைப் பார்த்தார். பேச்சே இல்லை.

"இந்த மாதிரி வண்டியிலதான்ப்பா உங்க பெரியம்மாவைக் க.விலக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நாந்தான் பக்கத்துல உக்காந்து, பாட்டில் ஆடாம அந்தக் கொக்கியைப் புடிச்சுக்கிட்டே வந்தேன்" என்றார்.

பெரியம்மா போன ஜீப் மலைப்பாதையில் கவிழ்ந்தபோது நான் மிகச் சிறியவன். பெரியம்மா பிழைத்துக்கொண்டார். இன்றும் இடது கால் தாங்கித்தான் நடப்பார். அதைப் பார்த்தே வளர்ந்ததால், அது ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

பேச்சை மாற்றத் தண்ணீர்த் தொட்டிக் கதையைச் சொன்னேன். மேஸ்திரியே ஒத்துக்கொண்டதைச் சொன்னேன். அம்மா கவனமாகக் கேட்டார். கடைசியில் கேட்டார்: "ஏம்ப்பா, நாங்க போற ஜீப்புக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்தியா?"

நண்பர்களே, எனக்குப் பதில் வரவில்லை. யாரோ ஒருவர் ஊர் சுற்றப் போகும் வண்டிக்கு இரண்டு இரவு தூங்காமல் கணக்குப் போட்டவன், பெற்ற தாய் தினமும் ஏறும் ஜீப்புக்கு ஒரு வரி போட்டதில்லை.

மறுநாள் விடியுமுன் அம்மாவோடு நானும் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். டேப் பிடித்து அளந்தேன். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 231 செ.மீ. அன்றைக்கு ஏறியவர்கள் 16 பேர். அதில் 4 பேர் பின்படியில் தொங்கினார்கள். ஆளுக்கு 55 கிலோ என்றால் 220 கிலோ. அவர்கள் நிற்பது பின் அச்சுக்கு 80 செ.மீ. பின்னால். சீசா பலகை மாதிரிதான் இதுவும். பின்னால் அழுத்தினால் முன்னால் தூக்கும். 220-ஐ 80-ஆல் பெருக்கி 231-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 76 கிலோ. அதாவது முன் சக்கரம் தரையை அழுத்துவதில் 76 கிலோ குறைகிறது. வண்டியைத் திருப்புவது முன் சக்கரம். ஏற்றத்தில் பாரம் இன்னும் பின்னால் சாயும். அப்போது ஸ்டியரிங் லேசாகிவிடும். லேசாக இருக்கிறதே என்று டிரைவர் சந்தோஷப்படக்கூடாது, பயப்பட வேண்டும்.

டிரைவர் எங்களுக்கு மாமா முறை. அவரிடம் நோட்டைக் காட்டினேன். கோபப்படவில்லை. "மாப்ள, எனக்கு மட்டும் உசுரு பெருசு இல்லையா? தலைக்கு இவ்வளவுன்னுதான் காசு. ஆளைக் குறைச்சா டீசலுக்கே கட்டாது. எடம் இல்லைன்னா அவங்களுக்கு அன்னைக்குக் கூலி போச்சு. நீ கணக்குப் போட்டுட்ட. அதுக்கும் ஒரு கணக்குப் போட்டுக் குடு" என்றார். அந்தக் கணக்கு எனக்குத் தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

ஆனால் அவர் ஒன்று செய்தார். முன் சக்கரம் தூக்குவது அவருக்குப் பழகிய விஷயம்தான். வளைவில் கை உணர்ந்ததை நோட்டில் எண்ணாகப் பார்த்ததும் யோசித்தார். இப்போது அவர் ஜீப்பில் பின்படியில் யாரும் நிற்பதில்லை. அந்த நாலு பேர் பின்னால் வரும் ஜீப்பில் போகிறார்கள். உள்ளே இன்னும் நெருக்கம்தான். ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். 16 என்பது 12 ஆகியிருக்கிறது, ஒரே ஒரு ஜீப்பில்.

ஆம்புலன்ஸ் ஜூன் மாதம் பட்டறையை விட்டுப் போனது. மேகமலைப் பக்கம் போகிறேன் என்றார் வண்டிக்காரர். அது 2021 முதல் புலிகள் காப்பகம், நினைத்த இடத்தில் நிறுத்தி அடுப்பு மூட்ட முடியாது, அனுமதி உள்ள இடத்தில் மட்டும் தங்குங்கள் என்று மேஸ்திரி இரண்டு முறை சொல்லி அனுப்பினார். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத் தீ பார்த்த மாவட்டம் நம்முடையது. மறக்க முடியுமா?

நண்பர்களே, நாம் எல்லோரும் கூடிய சீக்கிரம் டிப்ளமோ வாங்கிவிடுவோம். ஓசூர், சென்னை என்று கம்பெனிகளுக்குப் போவோம். எங்கே போனாலும் வாங்குகிற சம்பளத்துக்குக் கணக்குப் போடத்தான் போகிறோம். அதோடு, நம் வீட்டார் ஏறுகிற வண்டிக்கும் ஒரு கணக்குப் போடுவோம். என்னைப் போல அம்மா கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

மாமா கேட்ட கணக்கு இன்னும் என் நோட்டில் விடை எழுதாமல் இருக்கிறது. உங்களில் யாருக்காவது விடை தெரிந்தால் சொல்லுங்கள். கடைசி பெஞ்சில்தான் இருப்பேன்.