காத்தைப் பிடுங்காதீங்க பாஸ்!

கொடைக்கானலுக்கு பைக்ல கிளம்பறீங்களா? ஒரு நிமிஷம்... என் கதையைக் கேட்டுட்டுப் போங்க.

காலேஜ் கடைசி வருஷம். வத்தலக்குண்டில் காத்து பிடிச்சு, டபுள்ஸில் மலை ஏறினோம். பெருமாள்மலையில் டீக்கு நிறுத்தினா, பின் டயர் சுடுது! 'வெடிச்சிடுமோ'ன்னு பயந்து, பெரிய மெக்கானிக் மாதிரி வால்வை அமுக்கி, 'புஸ்'ஸுன்னு காத்தை இறக்கினேன்.

அங்கேதான் தப்பு. ஓடுற டயர் சூடாகும், அழுத்தம் கூடும். அதையும் தாங்குற மாதிரிதான் டயரைச் செய்றாங்க. கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால், கேஜ் சுமார் 3 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். ராத்திரி குளிர்ல 20 டிகிரி இறங்கினா, அந்த மூணும் காலி! ஆக, நான் பிடுங்கினது முழுக்க நஷ்டக் கணக்கு.

மறுநாள் காலை இறக்கம். ஊத்து தாண்டி ஒரு வளைவில் பிரேக் பிடிச்சேன். காத்து குறைஞ்ச டயர் ரிம்மில் வழுக்கி, டியூபையும் இழுத்துக்கொண்டு நகர, வால்வு அடியோடு பிய்ந்தது. வண்டி நெளிஞ்சு, தடுப்புச்சுவரை உரசி நின்னது. எதிரே பஸ்! பின்னாடி இருந்தவன் ரெண்டு நாள் என்கிட்ட பேசலை.

இப்பல்லாம் வண்டியை எடுக்கும் முன்னாடி, டயர் ஆறியிருக்கும்போதே பார்த்துடுவேன். எவ்வளவு காத்துன்னு வண்டியோட கையேட்டில் இருக்கும். ரெண்டு பேர்னா பின் டயருக்குக் கூடுதல். பாக்கெட் கேஜ் வாங்கிக் கொடுத்ததே அந்தப் பேசாத நண்பன்தான்!